நூற்றுக்கு நூறு வாங்கிய இலுப்பை மரம்

ஒரு காட்டில், பிறர் தானியத்தைக் கொண்டு மரம் வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றை நரியார் நடத்திவந்தார். நலிந்த மரத்தை மலிவாக வாங்குவார். கரையானை அகற்றிப் பொந்துகளைச் செப்பனிடுவார். பிறகு குடியிருக்க இடம் தேடும் பறவைகளுக்குக் கூடுதல் விலைக்கு விற்பார். லாபத்தில் ஒரு பங்கு தானியம் கொடுத்தவர்களுக்கு. பெரும் பங்கு எவருக்கு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அவ்வாண்டு அணில் அம்மாள், தன் கூட்டம் மழைக்காலம் முழுவதும் உண்ண வேண்டிய தானியம் அத்தனையையும் நரியாரிடம் ஒப்படைத்திருந்தாள்.

மரங்களை மதிப்பிட நரியாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் மரங்கொத்தி வந்தது.

“எட்டு ஆண்டுகளாக மரம் தட்டுகிறேன், ஐயா. ஓசையைக் கேட்டே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.”

“அது இருக்கட்டும். குஞ்சுப் பருவத் தேர்வில் நீர் வாங்கிய மதிப்பெண் எத்தனை?”

“அறுபத்தொன்று. அப்போது எனக்கு இறகே முளைக்கவில்லை.”

“வருந்துகிறோம். தொண்ணூற்றைந்துக்குக் கீழே எவரையும் நாங்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.”

“தாங்கள் குட்டியாக இருந்தபோது எத்தனை வாங்கினீர்கள், ஐயா?”

நரியார் இருமினார். “அடுத்தவரை வரச் சொல்லும்.”

அடுத்து வந்தது மயில். மலையுச்சிப் பள்ளியில் பயின்றது; மதிப்பெண் தொண்ணூற்றொன்பது. மரத்தை எப்படி மதிப்பிடுவீர் என்று நரியார் கேட்கவே இல்லை. சான்றிதழைக் கண்டவுடன் எழுந்து நின்று வணங்கினார்.

அணில் அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. “மயிலார் இதுவரை ஒரு மரத்தையாவது மதிப்பிட்டிருக்கிறாரா, ஐயா?”

“நாளை தவறு நேர்ந்தால், ‘தொண்ணூற்றொன்பது வாங்கியவரே சொன்னார்’ என்று உங்களுக்குப் பதில் சொல்லலாம். அறுபத்தொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது, அம்மா?”

இந்தப் பேச்சு ஓடைக்கு அப்பால் வசித்த குரங்கின் காதுக்கு எட்டியது. அதனிடம் ஒரு கிழட்டு இலுப்பை மரம் இருந்தது. வெளியே பச்சை இலைக்குக் குறைவில்லை. உள்ளே வெறும் மாவு. ஓராண்டாக எவரும் வாங்கவில்லை. குரங்கு உடனே ஒரு பனையோலையைக் கிழித்து எழுத உட்கார்ந்தது.

மறுநாள் மரத்தைப் பார்க்க நரியாரும் மயிலும் வந்தனர். குரங்கு பணிவுடன் ஓலையை நீட்டிற்று.

“விதையாக இருந்தபோது நடந்த தேர்வில் இம்மரம் நூற்றுக்கு நூறு, நரியாரே.”

“நூறா!” மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டது. “என்னைவிட ஒன்று கூடுதல்.”

அதற்குள் அணில் அம்மாள் மரங்கொத்தியை அழைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். “ஒரே ஒருமுறை இவர் தட்டிப் பார்க்கட்டும், ஐயா! நீங்கள் விலையாகக் கொடுக்கும் தானியம் எங்கள் பிள்ளைகளின் சாப்பாடு.”

மரங்கொத்தி தட்டிற்று. முரசடித்தாற்போல் ஒலித்தது. “உள்ளே ஒன்றுமில்லை” என்றது.

“அறுபத்தொன்று வாங்கிய நீர், நூறு வாங்கிய மரத்தைக் குறை சொல்வதா?” என்று மயில் சீறிற்று.

“அப்படிக் கேளுங்கள்!” என்றது குரங்கு.

தானியம் முழுவதும் கைமாறியது. குரங்கு மூட்டைகளுடன் மலைக்கு அப்பால் போய்விட்டது. நரியார் மரத்தின் பெரிய பொந்தில் அலுவலகம் திறந்தார். நான்காம் நாள் காற்று சற்றே பலமாக வீசியது. மரம் ஓடையில் குப்புற விழுந்தது. அலுவலகமும் உடன் விழுந்தது.

சேறு சொட்டச் சொட்டக் கரையேறிய நரியாரை அணில் அம்மாள் மறித்தாள். “மழை தொடங்கப் போகிறது. எங்கள் தானியம் எங்கே?”

“உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம், அம்மா. எங்கே குறை என்று ஆராய்ந்து கண்டுபிடித்தும் விட்டோம்.”

“என்ன குறை?”

“மதிப்பெண் எல்லை மிகவும் தாழ்ந்திருந்தது. மயிலை நீக்கிவிட்டோம். இனித் தொண்ணூற்றொன்பது வாங்கியவர்களையும் சேர்ப்பதாக இல்லை.”

அம்மழைக்காலம் முழுவதும் அணில் அம்மாளின் கூட்டம் மரப்பட்டையைச் சுரண்டித் தின்றது. நரியாரின் வாசலிலோ நூறு வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள்.

நீதி: வேலையைச் சோதிக்கத் தெரியாதவனே மதிப்பெண்ணை மட்டும் கேட்பான், அவனிடம் உங்கள் பொருளை ஒப்படைக்காதீர்கள்.