பீட்டா போட்ட ஏகாம்பரம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். குரு ஆதிரைக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபதுக்கு மேல். லாரி ஓட்டி ஓட்டியே காதைத் தொலைத்தவர்.

அவர் இரண்டு காதிலும் மாட்டியிருந்த மெஷின் போனோடு சேர்ந்து வேலை செய்யும். வகுப்பு தொடங்குமுன் போனைக் குருவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருவார். குருவின் குரல் போனில் புகுந்து காதில் இறங்கும்.

பாதியில் அறுந்தும் போகும். அதுதான் சிக்கல். குரு சொன்ன வேடிக்கைக்கு மடமே சிரித்து ஓய்ந்தபின், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏகாம்பரம் தனியாகச் சிரிப்பார். மலைக் குரங்குகளே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். குரங்குகளை விசாரித்துவிட்டேன், உண்மைதான்.

ஒருநாள் அவர் போனும் கையுமாகக் குருவிடம் வந்தார்.

"அம்மா, போனுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வருது. இந்தச் சத்தம் அறுந்து போறதைச் சரி பண்ணியிருக்காங்களாம். ஆனா இன்னும் முடியலை. இப்போதைக்கு பீட்டாதான், சோதனைக்கு விடற பதிப்பு."

"போட்டா?"

"உங்க பேச்சு முழுசாக் கேட்கலாம். இல்லேன்னா இப்ப கேட்கிற பாதியும் போயிடலாம். பழசுக்குத் திரும்பணும்னா போனையே துடைச்சு அழிக்கணும். முடிஞ்சு வரட்டும்னு பொறுத்துக்கவா?"

"யார் முடிப்பாங்க?"

"அதைச் செய்யறவங்கதான்."

"அவங்களுக்குக் காது கேட்குமா?"

"நல்லாவே கேட்கும்."

குரு சிரித்தார்.

"படைச்சவன் மனுஷனையும் முதல்ல சோதனைக்குத்தான் அனுப்பினான். முழங்கால் ரெண்டு பக்கமும் மடங்கும். எழுந்து நின்னா ஒரு கால் கிழக்கே போகும், ஒரு கால் மேற்கே போகும். எல்லாரும் தவழ்ந்தே பழகிட்டாங்க. ஒருத்தர் மட்டும் படைச்சவன் வாசல் வரைக்கும் தவழ்ந்து போய், எப்படி எப்படி விழுந்தேன்னு ஒண்ணுவிடாம சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்ப நீங்க நடந்துதானே வந்தீங்க."

ஏகாம்பரம் எழுந்து போனார். போனில் இருந்ததையெல்லாம் மடத்துக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்தார். பீட்டாவைப் போட்டார். திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அது சுற்றிய சுற்றில் சமையற்காரர் சிங்காரத்துக்குத் தலை சுற்றி, ரசத்தில் சர்க்கரை விழுந்தது.

மறுநாள் வகுப்பில் குரல் அறுபடவில்லை. ஆனால் ஏகாம்பரம் ஒரே வேடிக்கைக்கு இரண்டு தடவை சிரித்தார்.

"என்னய்யா, பந்தியில ரெண்டாவது தடவை உட்கார்ற மாதிரி?" என்றார் சிங்காரம்.

"இடது காதுக்கு முதல்ல வருது. வலது காதுக்கு இன்னொரு வண்டியில பின்னால வருது."

"பேசாம பழசுக்கே போயிடுங்க."

ஏகாம்பரம் போகவில்லை. போனை எங்கே வைத்தார், எவ்வளவு தள்ளி உட்கார்ந்தார், எந்தக் காது பின்தங்கியது என்று ஒவ்வொன்றாகப் போனில் தட்டி, பீட்டாவைச் செய்தவர்களுக்கு அனுப்பினார். பதில் இல்லை. அடுத்த பீட்டா வந்தது. அதிலும் இரண்டு சிரிப்பு. திரும்பவும் எழுதி அனுப்பினார். மழைக்காலம் முழுக்க அனுப்பினார்.

மழை விட்டபின் முடிந்த பதிப்பு வந்தது.

அன்று வகுப்பில் குரு ஏதோ சொன்னார். மடம் சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார். கூடவே, ஒரே ஒரு தடவை.

குரு பேச்சை நிறுத்தினார். எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரம் கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னொண்ணு சொல்லுங்கம்மா, பார்ப்போம்." குரு சொன்னார். மறுபடியும் எல்லோரோடும் சேர்ந்தே சிரித்தார் ஏகாம்பரம். சிங்காரம் அன்றைக்குப் பாயசமே வைத்தார், சர்க்கரையைச் சரியான பாத்திரத்தில் போட்டு. வெளியே ஒரு குரங்குகூடத் திரும்பவில்லை.

மாலை வகுப்புக்கு முன்னால் ஏகாம்பரம் போனை நீட்டியபடி குருவின் எதிரில் நின்றார்.

"இந்த அப்டேட்ல என்னென்ன சரி பண்ணினாங்கன்னு போட்டிருக்காங்கம்மா. என் காது விஷயமும் ஒரு வரி இருக்கு. என் பேருதான் எங்கேயும் இல்லை."

"முழங்காலுக்காகத் தவழ்ந்து போனாரே, அவர் பேர் என்ன?"

ஏகாம்பரம் யோசித்தார். "நீங்க சொல்லலையேம்மா."

"எனக்கும் தெரியாது" என்றார் குரு. "காலை மடக்கி உட்காருங்க அய்யா. பாடம் தொடங்கணும்."