தோளில் போன எல்லை

இந்தோனேசியாவின் சுலாவெசிக்கு அப்பால் ஒரு குட்டித் தீவு. அங்கே சொகுசு விடுதி கட்ட வந்த ஹர்தோனோ, மீன்காரி பெஸ்ஸேயின் மரவீட்டைக் காட்டி ஊரார் முன்னால் உறுமினார்.

"இந்த வீட்டிலிருந்து கடல் வரைக்கும் என் நிலம். இனி ஒரு படகும் இங்கே கரையேறக் கூடாது."

"பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கா, முதலாளி?" என்றாள் பெஸ்ஸே.

"அட்சரம் பிசகாமல்."

மறுநாள் வந்தவருக்குத் தலை சுற்றியது. தென்னைகள் இருந்தன, வீட்டைக் காணோம். வேறு தீவில் இறங்கிவிட்டோமோ?

அந்த ஊரில் வீடு மாறுவதென்றால், ஊரே கூடி வீட்டையே தோளில் தூக்கிப் போகும். அது அவருக்குத் தெரியாது. வீடு இப்போது அலையோரம் நின்றது. படகுகள் அதன் பின்னால் கரையேறிக் கிடந்தன.

"என் நிலம் எங்கேம்மா?"

பெஸ்ஸே வாசற்படியிலிருந்தே காலை அலையில் நனைத்தாள்.

"என் வீட்டிலிருந்து கடல் வரைக்கும்தானே? தண்ணி இறங்கும்போது வாங்க முதலாளி, காட்டறேன்."