நரி விற்ற தூக்க வேர்

ஆறு வளைந்து போகும் ஒரு காட்டில், கரையோரமாக ஓர் அத்திமரம் இருந்தது. அதன் உச்சியில் ஒரு மலையணில் கூடு கட்டியிருந்தது. நடுக்கிளைகளில் ஒரு மந்திக் கூட்டம் குடியிருந்தது. மந்திகள் பாதி தின்றும் பாதி உதிர்த்தும் போடுகிற பழங்களைப் பொறுக்கத் தினமும் காலையில் புள்ளிமான்கள் வரும்.

அந்த வருஷம் அணில் ஒரு குட்டி போட்டது. மந்திகளில் ஒன்றும் மான்களில் ஒன்றும் அதே மாதம் குட்டி போட்டன. தாய்மார் மூவரும் காலையில் மரத்தடியில் சந்தித்துக்கொள்வார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவர்கள் பார்த்துக்கொண்டால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "பிள்ளை ராத்திரி நல்லாத் தூங்குதா?" அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "படுத்தா விடியிற வரைக்கும் அசையாது!" வேறு பதில் சொன்னவர்கள் யாரையும் நான் கேள்விப்படவில்லை.

அணில் குட்டியோ ஒரு நாளும் விடியும்வரை அசையாமல் இருந்ததில்லை. இருட்டியதும் தூங்கும். அப்பாடா என்று அணில் கண்ணை மூடினால் கீச்சென்று கத்தும். பால் கொடுத்தால் கண் மூடும், வாயிலிருந்து எடுத்தால் விழிக்கும். வாலால் போர்த்தினால் புழுங்குகிறது என்று அழும், வாலை எடுத்தால் குளிர்கிறது என்று அழும். நடுச்சாமத்துக்கு மேல் அழுகை நிற்கும். ஆனால் தூங்காது. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அம்மாவின் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடும்.

அப்பா அணில் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அது பக்கத்து மரத்தில் தனிக்கூடு கட்டிக்கொண்டு தூங்கியது. பகலெல்லாம் அலைகிறவருக்கு ராத்திரி தூக்கம் வேண்டுமாம். அந்த அப்பாவைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் காலை, அணில் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவியது. எப்போதும் தாவுகிற தூரம்தான். ஆனால் பாதியிலேயே கண் சொருகிவிட்டது. பிடி தவறி, நாலு கிளை கீழே போய், ஒரு கொடியைப் பற்றித் தொங்கியது. குட்டி விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

கீழே மான் பழம் தின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது.

"என்ன அணிலு, காலங்காத்தால ஊஞ்சலா?"

அணில் குட்டியைக் கிளையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கியது. "ஆமாக்கா. சும்மா ஒரு விளையாட்டு."

"பிள்ளை ராத்திரி நல்லாத் தூங்குதா?"

"படுத்தா விடியிற வரைக்கும் அசைய மாட்டான். உங்க பொண்ணு?"

"அவளா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா" என்றது மான். சொல்லிவிட்டு நின்றபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தது. அணில் அதைக் கவனிக்கவில்லை. அணிலுக்கே கண் திறக்க முடியவில்லை.

மேலேயிருந்து மந்தி குரல் கொடுத்தது. "என் பையனைக் காலையில எழுப்புறதுதான் எனக்குப் பெரிய வேலை!"

அணில் கூட்டுக்குத் திரும்பியது. 'ஊரில் எல்லாப் பிள்ளையும் தூங்குகிறது. என் பிள்ளைக்கு மட்டும் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டது. அதற்கு அழுகை அழுகையாக வந்தது.

அதே காட்டில் ஒரு நரி இருந்தது. ராத்திரியில் இரை தேடி அலைகிற நரி. அதனால் மரத்தடியில் யாருக்கும் தெரியாத விஷயம் அதற்குத் தெரியும். உச்சியில் அணில் குட்டி கத்துவதையும், நடுக்கிளையில் மந்திக் குட்டி சிணுங்குவதையும், புல்மேட்டில் மான் குட்டி முனகுவதையும் அது தினமும் கேட்டுக்கொண்டே போகும். விடிந்ததும் புதருக்குள் படுத்து, மூன்று தாய்மாரும் அளந்து விடுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஒரு நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தது. மறுநாள் நாலைந்து வேர்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, அணில் தனியாக இருக்கிற நேரம் பார்த்து மரத்தடிக்கு வந்தது.

"அணிலம்மா, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"தூசி."

"தூசியா, தூக்கமா? வைத்தியன்கிட்ட மறைக்கலாமா?" என்றது நரி. "பிள்ளை ராத்திரியெல்லாம் முழிக்குது. சரிதானே?"

அணில் திடுக்கிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆயிரத்துல ஒரு பிள்ளை இப்படிப் பிறக்கும். உங்க மேல தப்பு இல்ல. ஆனா ஒண்ணு, வெளியில மூச்சு விட்டுடாதீங்க. வளர்க்கத் தெரியாதவன்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. இந்தத் தூக்க வேரைத் தலைமாட்டுல வைங்க. எனக்கு ஒரு பலாப்பழத்தைத் தள்ளி விட்டாப் போதும்."

அணில் பலாப்பழத்தைத் தள்ளிவிட்டது.

ஒரு நரியைப் போய்த் தாய் நம்புமா என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டு இரவு தூங்காமல் இருந்து பார்த்துவிட்டு, பிறகு வந்து கேளுங்கள்.

அன்று சாயங்காலமே நரி மானிடம் போனது. மறுநாள் மந்தியிடம் போனது. 'ஆயிரத்தில் ஒரு பிள்ளை' என்பதை மூன்று இடத்திலும் ஒரே குரலில் சொன்னது. 'வெளியில் மூச்சு விடாதீங்க' என்பதையும் சொன்னது. மந்தி நாவல் பழம் உலுக்கிப் போட்டது. மான், புலி தின்று மிச்சம் வைத்திருந்த இரை கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது.

வேர் வேலை செய்யவில்லை. எப்படிச் செய்யும்? ஆற்றங்கரையில் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டிருந்த கோரை வேர் அது. அணில் குட்டி அந்த வேரைக் கடித்துப் பார்த்து, கசக்கிறது என்று கூடக் கொஞ்சம் அழுதது.

நரி இன்னும் பெரிய வேர் கொடுத்தது. அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது அது வேர் கொண்டு வரவில்லை. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டது.

"வேருக்கு அடங்காத பிள்ளை இது அணிலம்மா. ஒரு ராத்திரி எங்கிட்ட விட்டாத்தான் சரிப்படும். அமாவாசை அன்னைக்கு மூங்கில் புதருக்குத் தூக்கிட்டு வாங்க. தனியா வரணும். விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும். காலையில தூங்குற பிள்ளையாத் தர்றேன்."

"உங்ககிட்டயா?" அணில் தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது.

"ஒரே ஒரு ராத்திரிதான். நீங்களும் முழு ராத்திரி தூங்கலாமே!"

அணிலுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் 'முழு ராத்திரி' என்று காதில் விழுந்ததும் பயம் பின்னால் போய்விட்டது. அது தலையை ஆட்டியது.

நரி மற்ற இருவரிடமும் இதையே சொல்லி, கெட்டிக்காரத்தனமாக நேரம் பிரித்துக் கொடுத்திருந்தது. அணில் இருட்டியதும் வர வேண்டும், மான் நடுச்சாமத்தில் வர வேண்டும், மந்தி விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வர வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. மூன்று குட்டியையும் சேர்த்து ஒரே விருந்தாக முடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவது என்று திட்டம்.

பகலெல்லாம் நன்றாகத் தூங்குகிற நரிக்கு ஒரு விஷயம் புரியவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு நேரம் தெரியாது.

அமாவாசை வந்தது. இருட்டியதும் அணில் கிளம்பத்தான் பார்த்தது. அன்றைக்கென்று குட்டி சீக்கிரம் தூங்கிவிட, உட்கார்ந்த இடத்திலேயே அதுவும் சாய்ந்துவிட்டது. குட்டி அழுது எழுப்பியபோது நடுச்சாமம். மந்தியோ முழித்து முழித்து அலுத்துப்போய், விடியப் போகிறது என்று எண்ணி நடுச்சாமத்திலேயே புறப்பட்டுவிட்டது. மான் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

மூங்கில் புதருக்கு முன்னால் ஒரு பாறை உண்டு. அணில் அதன் ஒரு பக்கம் வந்து நின்றது. மறுபக்கம் சருகு நொறுங்கியது. யாரோ வருகிறார்கள்! அணில் சட்டென்று பாறையோடு ஒட்டிக்கொண்டது. நரிக்காகப் பயந்து அல்ல. 'தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள்' என்று பயந்தது. அந்தப் பக்கம் மானும் அதே காரணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மந்தி பாறைக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டது.

ஆனால் பிள்ளைகளுக்கு மானம் அவமானம் ஏது? முதலில் அணில் குட்டி கத்தியது. அதைக் கேட்டு மான் குட்டி கத்தியது. மந்திக் குட்டி இரண்டு பேரையும் மிஞ்சிக் கத்தியது.

மூன்று தாய்மாரும் இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"காத்து வாங்கலாம்னு வந்தேன்" என்றது மந்தி.

"நானும் அதுக்குத்தான். வீட்டுல ரொம்பப் புழுக்கம்" என்றது மான். மானுக்கு வீடு ஏது? அந்த நேரத்தில் அதற்கு வேறொன்றும் வாயில் வரவில்லை.

இரண்டும் அணிலைப் பார்த்தன. அணில் குட்டியைக் கீழே வைத்தது. அதுவும் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தது. பொய்யை யோசிக்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

"எனக்குக் காத்து வேணாம்க்கா. தூக்கம் வேணும். இவன் ராத்திரிக்கு எட்டுத் தடவை எழுந்திரிக்கிறான். நான் ஒரு நாள்கூட உண்மையச் சொன்னதில்ல. என்னால முடியல" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதது.

மான் அதன் கிட்டே வந்து கேட்டது.

"எட்டுத் தடவைதானா?"

அணில் அழுகையை நிறுத்தியது.

"குடுத்து வச்சவ நீ" என்றது மான். "என் பொண்ணு படுக்கவே மாட்டேங்குறா."

மந்தி பாறையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தது. "எங்க கூட்டத்துல பிள்ளைய ஆளாளுக்குக் கைமாத்தி வச்சுக்குறது வழக்கம். சித்தி, பெரியம்மான்னு கேட்டுக் கேட்டு வந்தாங்க. இவன் அழுறது வெளியில தெரிஞ்சுடுமேன்னு நான்தான் யார் கையிலயும் குடுக்கல. ஆயிரத்துல ஒரு பிள்ளைன்னு அந்த நரி..."

"ஆயிரத்துல ஒண்ணா?" அணிலும் மானும் ஒன்றாகக் கேட்டன.

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. வேர் வந்தது, பெரிய வேர் வந்தது, அமாவாசை வந்தது. மான் மெதுவாகச் சொன்னது: "ஒரே ராத்திரியில மூணு பிள்ளையையும் கேட்டிருக்கான். ஒரு பிள்ளைய வச்சே நம்மால சமாளிக்க முடியல. மூணையும் வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணப் போறான்?"

அணில் தன் குட்டியைச் சட்டென்று கவ்வி எடுத்தது. எதிரே மூங்கில் புதருக்குள் நரி, மூன்று குட்டிகளும் கத்துகிற சத்தத்தில் தாய்மார் பேசியது காதில் விழாமல், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது. தாய்மார் மூவரும் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டு, பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

குட்டிகள் வழியெல்லாம் அழுதன. யாரும் வாயைப் பொத்தவில்லை.

நரி அன்று இரவு முழுவதும் காத்திருந்தது. விடிந்தும் யாரும் வரவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் கவலையை ஒட்டிக்கொண்டு, பெரிய வேர் ஒன்றைக் கவ்விக்கொண்டு அத்திமரத்தடிக்கு வந்தது.

அங்கே மரத்தைச் சுற்றி மான் கூட்டம் முழுவதும் கொம்பும் குளம்புமாக நின்றது. தாழ்ந்த கிளையில் மந்தியின் பெரியம்மாவும் இரண்டு சித்திகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் அணில் குட்டி. ஒருத்தி முதுகில் மந்திக் குட்டி. கிளைக்கு நேர் கீழே மான் குட்டி நின்றுகொண்டு, மூன்றாமவள் தொங்கவிட்டிருந்த வாலைச் சூப்பிக்கொண்டிருந்தது. மூன்று குட்டிகளும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தன.

நரி வேரைக் கீழே வைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அணிலம்மா! ராத்திரி ஏன் வரல? பிள்ளை தூங்குறானா?" என்று உரக்கக் கேட்டது.

"உஷ்!" என்றது பெரியம்மா மந்தி. "மெதுவாப் பேசுய்யா. பிள்ளைங்க எங்க தூங்குது? அவங்க அம்மாங்க இப்பத்தான் தூங்குறாங்க."

நரி அண்ணாந்து பார்த்தது. உச்சிக் கூட்டுக்கு வெளியே அணிலின் வால் மட்டும் அசைவில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிளையின் கவட்டில் தாய்மந்தி வாயைத் திறந்தபடி கிடந்தது. மரத்தின் மறுபக்க நிழலில் தாய்மான் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு குறட்டை விட்டது.

மான்களில் ஒன்று கொம்பைத் தாழ்த்தி ஓர் அடி முன்னால் வந்தது. நரி வேரை அங்கேயே விட்டுவிட்டு, சத்தம் வராமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் காட்டைவிட்டே போனது.

நீதி: நம் அலுப்பை நம்மவர்களிடம் மறைத்தால், அதை விசாரிக்க நரிதான் வரும்.