லிவியோ ஆடிய பதினேழு ஆண்டுகள்

“முதலாவது, என் பெயரை எடுத்துக்கொண்டார்கள்” என்றான் அவன்.

நிவேஸ் தலை நிமிரவில்லை. மைதானத்தின் மூலையில் முழங்காலிட்டு முளை அடித்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டாவது, என் வயதில் இரண்டைக் குறைத்தார்கள். மூன்றாவது, பாஸ்போர்ட்டை வாங்கி கிளப் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நான்காவது, ஐந்து வருடத்தில் ஆறு ஊர்களுக்கு இரவல் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பதுபோல.”

“வரிசை மாறாமல் சொல்.”

“மாறாது. தினமும் எண்ணிப் பார்க்கிறேன். ஐந்தாவது, கோல் போட வந்தவனைப் பின்னால் நிறுத்திப் பந்து தடுக்கச் சொன்னார்கள். ஆறாவது, ஓர் ஊரில் கூட்டம் என்னைப் பார்த்துக் குரங்குபோல் கத்தியது. நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.”

“கூட்டத்தையா?”

“என்னை. ஏழாவது, வீங்கிய முழங்காலில் ஊசி போட்டு இறுதிப் போட்டியில் இறக்கினார்கள். எட்டாவது, முழங்கால் போன பிறகு, முழங்கால் சரியில்லை என்று வெளியே அனுப்பினார்கள்.”

“முடிந்ததா?”

“முடிந்தது.”

“இந்தக் கயிற்றைப் பிடி” என்றாள்.

*

அவன் பராகுவே நாட்டுக்காரன். செங்கல் சூளைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவன். ஒன்பதாம் எண் சட்டை போட்டு முன்வரிசையில் ஆடுகிறவன். தாளில் அவன் பெயர் லிவியோ தொமாஸ்ஸோனே. பெற்றவள் வைத்த பெயர் எலியோதோரோ வெரா. நாம் வெரா என்றே சொல்வோம். அப்படிச் சொல்ல இன்று வேறு ஆள் கிடையாது.

ஐரோப்பாவுக்கு வந்தபோது பெரிய கிளப், பெரிய நகரம். பிறகு சின்னக் கிளப், சின்ன நகரம். இப்போது இத்தாலியின் வடகிழக்கில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஓர் ஊரில், ஆறாம் நிலை அணி. உடன் ஆடுகிறவர்கள் வார நாட்களில் குழாய் பழுது பார்ப்பார்கள், பன்றி வளர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்து உதைப்பார்கள். அவனைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள்.

நிவேஸ் அந்த மைதானத்துக்குக் கோடு போடுகிறவள். நாற்பத்தோரு வயது. நெசவாலையில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காக வெளியேற்றப்பட்டவள். ஆலை முதலாளி அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டானாம். அவள் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டு, “எனக்கு எழுத ஒன்றுமில்லை, உங்களுக்கு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்” என்றாளாம்.

ஆட்டக்காரர்கள் அவளை ‘மாயெஸ்த்ரா’ என்பார்கள். அங்கே பள்ளிக்கூட ஆசிரியையைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் யோசனை கேட்கப் போனவர்களில் பாதிப் பேர் கோபத்தோடு திரும்பினார்கள். அடுத்த வாரம் மறுபடி போனார்கள்.

*

வெரா கயிற்றின் முனையைப் பிடித்தான்.

“மாயெஸ்த்ரா, நான் பட்டியல் வாசிக்க வரவில்லை.”

“அழகாக வாசித்தாயே.”

“ஒன்று கேட்க வந்தேன். என் பெயர் லிவியோ இல்லை.”

“தெரியும்.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. லிவியோ என்று கூப்பிட்டால் நீ கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புகிறாய். பந்துக்கு அப்படித் தாமதிப்பதில்லை.”

அவன் கைபேசியை எடுத்தான். அதில் ஒரு கிழவியின் குரல் இருந்தது. கேட்க வைத்தான். நிவேஸுக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் முழுவதும் கேட்டாள்.

“என் சித்தி பெத்ரோனா” என்றான். “லிவியோவின் அம்மா.”

“என்ன சொல்கிறாள்?”

“எனக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது மகனே, அடுத்த வருடம் இருக்க மாட்டேன். இந்தக் கல்லறைத் திருநாளிலாவது லிவியோ பெயரைப் படிக்கச் சொல்லட்டுமா? நீ சொன்னால்தான் சாமியாரிடம் கேட்பேன் என்கிறாள். இவ்வளவுதான்.”

வெரா பிறந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளன்று காலைப் பூசையில், ஊரில் இறந்தவர்களின் பெயர்களைப் பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். பெயர் படிக்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பெயர் படிக்கப்படாதவன் அந்த ஊருக்கு இறந்தவன் இல்லை.

லிவியோ இறந்து இருபத்துமூன்று வருடம். களிமண் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. அதில் மூழ்கிப் போனான். பதினோரு வயது. பதிவு அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்த மாதம் ஆறு நிறைந்து ஓடியது. புதைத்துவிட்டார்கள். எழுதி வைக்கவில்லை. ஏழை வீட்டுச் சாவை எழுதி வைக்க யாரும் ஆறு கடப்பதில்லை.

ஆறு வருடம் கழித்து ஒல்மெதோ என்ற ஏஜெண்ட் வந்தான். வெராவின் கால்களைப் பார்த்தான். பத்தொன்பது வயது என்றதும் உதட்டைப் பிதுக்கினான். பதினேழாக இருந்தால் நல்ல விலை என்றான். செத்துப்போன தம்பிக்கு இத்தாலியத் தாத்தா இருந்தார், அந்த வழியில் இத்தாலிய பாஸ்போர்ட் கிடைக்கும் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. பிறந்த சான்று இருந்தது. இறந்த சான்று இல்லை. கால்களை வாங்கி விற்கிற தொழிலில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

பெத்ரோனாவிடம் சத்தியம் வாங்கினார்கள். உன் மகன் ஐரோப்பாவில் ஆடுகிறான், அவ்வளவுதான், வாயைத் திறக்காதே.

அவள் திறக்கவில்லை. திருநாள் பூசையிலும் அவன் பெயர் படிக்கப்படவில்லை. வெரா கோல் போட்டபோதெல்லாம் வானொலியில் ஒருவன் “லிவியோ! லிவியோ!” என்று கத்தினான். எல்லாம் தெரிந்த ஊரும் தெருவில் இறங்கி அந்தப் பெயரைக் கத்தியது. ஊராட்சி ஒரு விளையாட்டுத் திடல் கட்டி, வாசலில் ‘லிவியோ தொமாஸ்ஸோனே திடல்’ என்று எழுதியது. பெயரில்லாத சிலுவைக்கு அடியில் கிடந்தவனுக்கும் அதற்கும் நடுவில் முந்நூறு அடிகூட இல்லை.

*

“எதிர் மூலைக்குப் போ” என்றாள் நிவேஸ். “அங்கே முளை அடித்துக் கயிற்றைக் கட்டு.”

அவன் போனான். அடித்தான். கட்டினான்.

அவள் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கயிற்றின் ஓரமாக நடந்து வந்தாள். அவன் பேசிக்கொண்டே கூட நடந்தான்.

“பூசை இன்றைக்குத்தான். நம் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அங்கே மணி அடிப்பார்கள். நான் சரி என்றால் சாமியார் படித்துவிடுவார்.”

“படித்தால்?”

“யாராவது ஒருவன் காகிதம் எழுதுவான். எல்லா ஊரிலும் ஒருவன் இருக்கிறான் இல்லையா? பாஸ்போர்ட் போகும். கால்பந்துச் சங்கம் என் பதிவை அழிக்கும். நூற்றுப் பதினொரு கோல், மாயெஸ்த்ரா. எதுவும் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும்.”

“படிக்காவிட்டால்?”

“அவள் உட்கார்ந்தபடியே இருந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போவாள்.”

“நீ?”

“இன்னும் ஒரு பருவம் ஆடலாம். முழங்கால் விட்டால்.”

“இதற்கா இவ்வளவு யோசனை?”

“எனக்கு வேறு என்ன தெரியும்? செங்கல் அறுக்கவும் மறந்துவிட்டேன்.”

அவள் வண்டியை நிறுத்தினாள். கோடு முடிந்திருந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோணல்” என்றான் வெரா.

“எங்கே கோணியது?”

அவன் நடுவில் ஓரிடத்தைக் காட்டினான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டினான். அதற்கும் இல்லை என்றாள். அவன் கோட்டின்மேல் அடிவைத்து நடந்தான். கடைசியில் அவன் அடித்த முளையிடம் வந்து நின்றான். அது மூலையிலிருந்து மூன்று சாண் உள்ளே இருந்தது.

“முதலிலேயே பார்த்தீர்கள் இல்லையா?”

“பார்த்தேன்.”

“சொல்லியிருக்கலாமே!”

“உன் பட்டியலை மறுபடி சொல்.”

“எதற்கு?”

“சொல்.”

“முதலாவது, என் பெயரை எடுத்து…”

“அதற்கு முன்.”

“அதற்கு முன் ஒன்றுமில்லை.”

நிவேஸ் வாளியின் விளிம்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. வேலைநிறுத்தக் காலத்தில் ஆலை வாசலில் நாற்பது நாள் நின்றவள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

“நாங்கள் இரண்டே பேர்தான் ஆடினோம்” என்றான் வெரா. “சூளைக்குப் பின்னால். நான் உதைத்தேன். இரண்டு செருப்புகளுக்கு நடுவே போக வேண்டியது, மேலே போய்விட்டது. பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது.”

“ம்.”

“எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. உதைத்தவன்தான் பந்து எடுத்து வர வேண்டும்.”

“நீ எடுக்கப் போனாயா?”

அவன் முளையைப் பார்த்தான்.

“நான் மூத்தவன், நீ போடா என்றேன்.”

காற்றில் கயிறு அதிர்ந்தது. சாலையில் ஒரு டிராக்டர் போயிற்று. ஓட்டியவன் கையசைத்தான். யாரும் பதிலுக்கு அசைக்கவில்லை.

“இரண்டு வயது மூத்தவன் என்று சொல்லி அனுப்பினேன்” என்றான். “பிறகு அதே இரண்டு வயதைக் கழித்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஒல்மெதோ தாளை நீட்டியபோது நான் அழுதேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அழவில்லை. பேனா எங்கே என்று கேட்டேன்.”

நிவேஸ் வாளியைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

“இந்தக் கோட்டை அழித்துவிடலாமா?”

“சுண்ணாம்பு காய்ந்துவிட்டது. சுரண்டினால் புல்லும் சேர்ந்து வரும்.”

“அப்படியானால் என்ன செய்வது?”

“இரண்டரைக்கு ஆட்டம்” என்றாள். முளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

*

வெரா கொட்டகையின் பின்புறம் நின்று சித்திக்கு எழுதினான். ‘படிக்கட்டும்.’ அனுப்பினான்.

அனுப்பிய பிறகு, எண்ணி எண்ணிப் பழகிய மனம் மறுபடி எண்ணத் தொடங்கியது. சாமியார் இன்று படிப்பார். காகிதம் எழுதுகிறவன் ஒரு வாரம் யோசிப்பான். அது கடல் கடக்க ஒரு மாதம். இங்கே ஒரு குமாஸ்தா அதைத் திறக்க இன்னொரு மாதம். அதுவரை ஞாயிறுதோறும் ஆடலாம். எட்டு ஆட்டம். ஒன்பதுகூட வரும்.

அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பூட்ஸைக் கட்டினான்.

*

இத்தாலியின் சின்ன ஆட்டங்களில் ஒரு முறை உண்டு. தொடங்குவதற்கு முன் நடுவர் உடை மாற்றும் அறைக்கே வருவார். கையில் அணிப் பட்டியலும் அடையாள அட்டைகளும் இருக்கும். குடும்பப் பெயரை அவர் படிப்பார். ஆட்டக்காரன் தன் பெயரைச் சொல்லி, திரும்பி, முதுகில் உள்ள எண்ணைக் காட்ட வேண்டும். பதினேழு ஆண்டுகளில் எத்தனையோ அறைகளில் வெரா அப்படித் திரும்பியிருக்கிறான்.

நடுவர் ஒல்லியான மனிதர். வார நாளில் தபால் அலுவலகத்தில் இருப்பவர். ஆளையும் முத்திரை குத்துவதுபோலப் பார்ப்பார்.

“ஸாந்த்ரின்.”

“புரூனோ!” அணித்தலைவன் திரும்பி எண்ணைக் காட்டினான். இடுப்பையும் ஓர் ஆட்டு ஆட்டினான். அறை சிரித்தது.

“பெரெஸ்ஸோன்.”

“தூல்லியோ.”

“தொமாஸ்ஸோனே.”

யாரும் திரும்பவில்லை.

“தொமாஸ்ஸோனே?”

“தாத்தா, உன்னைத்தான்” என்றான் புரூனோ. “பெயர் மறந்துவிட்டதா? இன்னும் பல் மட்டும்தான் விழவில்லை.”

மறுபடி சிரிப்பு. வெரா எழுந்து நின்றான்.

“அவன் வரவில்லை” என்றான்.

நடுவர் அட்டையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். “நிற்கிறாயே!”

“நான் நிற்கிறேன். அவன் வரவில்லை.”

“விளையாடாதே ஐயா, நேரமாகிறது.”

“விளையாடவில்லை. இனிமேலும் இல்லை.”

சிரிப்பு நின்றுவிட்டது. பயிற்சியாளர் “குடித்திருக்கிறானா?” என்று மெதுவாகக் கேட்டார். புரூனோ அருகில் வந்து அவன் தோளைத் தொட்டான். “என்னடா, என்ன ஆயிற்று? ஆட்டம் முடிந்து பேசிக்கொள்ளலாம். நீ இல்லாமல் முன்னால் யார் நிற்பது?”

வெரா அறையைச் சுற்றிப் பார்த்தான். பதினெட்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், நடுவர், கதவருகே இரண்டு துணை நடுவர்கள். குழாய்க்காரன் ஒரு காலில் காலுறையை மாட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள்” என்றான்.

“எதற்கு?”

“வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். இங்கே அவனுக்கு வேறு ஆள் இல்லை.”

முதலில் குழாய்க்காரன் எழுந்தான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன.

வெரா நடுவரின் கையிலிருந்து பட்டியலை வாங்கினான். அவர் தடுக்கவில்லை. ஒன்பதாம் எண்ணுக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, அங்கே சாமியார் படிக்கிற மாதிரியே, உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

“பெத்ரோனாவின் மகன். பதினோரு வயது. லிவியோ தொமாஸ்ஸோனே.”