வாசலுக்கு வந்த குப்பைத்தொட்டி

வெள்ளாங்கரை நகராட்சிக்கு அருமைநாயகம் என்று ஒரு சேர்மன் வாய்த்தார். வீட்டு வரியை இரண்டு மடங்காக்கி, வந்த பணத்தில் பஸ் ஸ்டாண்டு முன்னால் கலர் விளக்கு போட்ட நீரூற்று கட்டினார். வடைக்கடை பேச்சித்தாயின் தெரு மூன்று வருஷமாக ஒரு குப்பைத்தொட்டி கேட்டது. அதற்கு மட்டும் "நிதி இல்லை" என்றார்கள்.

பேச்சித்தாய் வரி கட்டுவதை நிறுத்தினாள். சேர்மனே ஆள் அம்போடு வந்து இறங்கினார்.

"கட்டாதவங்க வாசல்ல குப்பைத்தொட்டியை வச்சு மானத்தை வாங்குவோம், தெரியும்ல?"

பேச்சித்தாய் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, கடையை வேணும்னாலும் பூட்டுங்க. தொட்டி மட்டும் வேண்டாம்யா!"

அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே புத்தம்புதுத் தொட்டி வந்து இறங்கியது. பேச்சித்தாய் அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தெருவுக்கே வடை கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு தெருக்காரர்கள் நகராட்சி வாசலில் கூடிவிட்டார்கள். "நாங்களும் வரி கட்ட மாட்டோம். எங்களுக்கும் தொட்டி அனுப்புங்க!"

சேர்மன் தலைதெறிக்க ஓடி வந்தார். "ஏம்மா, ஊரையே கெடுத்துட்டியே! தொட்டி இங்கேயே இருக்கட்டும், வரியைக் கட்டித் தொலை!"

பேச்சித்தாய் அப்போதே கட்டினாள். ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்:

"ஐயா, தெருவிளக்குக்கும் மனு கொடுத்து ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு எந்த வரியைக் கட்டாம இருக்கணும்?"