வெள்ளிக்கிழமை ஓடக் கூடாது

ஒத்தப்பனைவிளைக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதில் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழை வந்தால் குடையை எடுத்துக்கோ என்று சொல்லிப் பாருங்கள். எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி போவார்கள். விரிக்கச் சொல்லவில்லையே.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் எபனேசர் சார், ஓடவே தெரியாதவர்களை ஓட வைக்கிறேன் என்று ஒரு பயிற்சி ஆரம்பித்தார். சேர்ந்தது மூன்று பேர். ரேஷன் கடையில் எடை போடுகிற ஆசீர்வாதம் அண்ணாச்சி, தையல்காரி செல்லக்கனி, அப்புறம் பிரிசில்லா.

மற்ற இருவரும் தொப்பையைக் குறைக்க வந்தார்கள். பிரிசில்லா வந்தது பயத்தைக் குறைக்க. அவள் மகள் ஆன்சி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கையில் கிடைத்ததை வாயில் போடுவாள், வாய்க்குப் பிடிக்காவிட்டால் காதில் போடுவாள். பிரிசில்லாவுக்கு அடுப்பில் உலை கொதிக்கும்போது மனசிலும் ஒரு உலை கொதிக்கும். பொத்தான், தேள், தண்ணீர்த் தொட்டி, காய்ச்சல். ஆஸ்பத்திரியோ பத்து கிலோமீட்டர் தள்ளி, சந்தைவிளையில். பஸ் தனக்குத் தோன்றினால் வரும். "எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நானே ஓடிப் போய்ச் சேரணும்" என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு.

வீட்டு வாசலில் புருஷன் தங்கதுரையின் ஸ்கூட்டர் நின்றது. அது அவள் நினைப்பில் வரவே இல்லை. அவன் நினைப்பிலும்தான்.

பயிற்சி ஒருவழியாக முடிந்தது. மூவரும் ஊரிலிருந்து, உப்பளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு வரை நிற்காமல் ஓடினார்கள். சரியாக ஐந்து கிலோமீட்டர். கைதட்டிய கையோடு சாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் கத்தினார்:

"விட்டுராதீங்க! வாராவாரம் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் சரியான வேகம். கையில எதையும் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. வெள்ளிக்கிழமை முழு ஓய்வு. என்ன ஆனாலும் ஓடக் கூடாது!"

பஸ் போய்விட்டது. மூவரும் அங்கேயே உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"தூரத்தைக் கூட்டணும்னுட்டாரு," என்றார் ஆசீர்வாதம். ரேஷன் கடையில் கூட்டல் கழித்தலெல்லாம் அவர் பொறுப்பு. "பிரிசி, நீ எவ்வளவு ஓடுவே?"

"அஞ்சு, அண்ணாச்சி."

"நான் எவ்வளவு?"

"நீங்களும் அஞ்சு."

"ரெண்டையும் கூட்டு."

பிரிசில்லா கூட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "பத்து! அண்ணாச்சி, ஆஸ்பத்திரி வந்திருச்சே!"

"அப்ப நானு?" என்றாள் செல்லக்கனி.

"நீயும் வந்தா பதினஞ்சு ஆயிரும்ட்டி. ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போயிருவோம். அப்புறம் யாரு திரும்பி வாறது? நீ வீட்டுல இரு."

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். கூட்டல் பிரிந்துவிடக் கூடாது என்று கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். மூச்சு முட்ட ஐந்தாவது கிலோமீட்டரில் நின்று சுற்றிலும் பார்த்தால், ஒரு உப்புக் குவியலும் ஒரு கொக்கும்தான் இருந்தன.

"ஆஸ்பத்திரியைக் காணோமே!"

ஆசீர்வாதம் கோத்திருந்த கையைப் பார்த்தார். "வழியில எங்கயாச்சும் கையை விட்டியா?"

"மூக்கு அரிச்சுது. ஒரு தடவை விட்டேன்."

"அங்கதான் கழிஞ்சிருச்சு."

விஷயம் போனில் எபனேசர் சாருக்குப் போனது. அந்தக் கூட்டலை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் அவர், "அவங்கவங்க காலால அவங்கவங்கதான் கூட்டணும். மெதுவா, பேசிக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்றிலிருந்து மூவரும் பேசிக்கொண்டே ஓடினார்கள். பேச்சு நின்றால் காலும் நின்றுவிடும். ஆறாவது கிலோமீட்டரில் ஆசீர்வாதத்துக்குச் சரக்கு தீர்ந்தது. "பச்சரிசி, புழுங்கரிசி, சீனி, துவரம்பருப்பு, பாமாயில்" என்று கடைச் சாமான்களைச் சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினார். செல்லக்கனிக்குக் கவலையே இல்லை. யார் ஜாக்கெட்டை எத்தனை தடவை பிரித்துத் தைத்தாள் என்பதிலேயே ஏழு கிலோமீட்டர் ஓடினாள். எட்டாவதுக்கு வேண்டுமென்று, பக்கத்துத் தெருவுக்குப் போய் ஒரு மாமியார் மருமகள் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் ஒன்பதாவதில் மூவரும் நாக்கு வறண்டு, பேச ஒன்றுமில்லாமல் நின்றுவிடுவார்கள். தூரத்தில் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். பிரிசில்லா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புவாள்.

ஓய்வு நாளையும் அவர்கள் மதித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆசீர்வாதத்தை நாய் துரத்தியது. அவர் ஓடவில்லை. கடை வரைக்கும் நிதானமாக நடந்தே போனார், நாயும் வேட்டியைக் கவ்வியபடி கூடவே வந்தது. பாதி வழியில் நாய்க்கே ஒரு மாதிரியாகி, விட்டுவிட்டுப் போய்விட்டது.

இப்படி இருக்கையில், இன்னொரு வெள்ளிக்கிழமை காலையில், ஆன்சி ஒரு பொரிகடலையை எடுத்து மூக்குக்குள் போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பிரிசில்லா சிரிக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் தங்கதுரை, ஆசீர்வாதம், செல்லக்கனி மூவரும் ஓடி வந்தார்கள். இல்லை, வேகமாக நடந்து வந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடணும்!" என்றாள் பிரிசில்லா.

"எம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றார் ஆசீர்வாதம். "என்ன ஆனாலும் ஓடக் கூடாதுன்னு சார் சொன்னாரா இல்லையா?"

பிரிசில்லா பிள்ளையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவரில் நாள்காட்டி தொங்கியது. பாய்ந்து போய் வெள்ளிக்கிழமையைக் கிழித்தாள். அடியில் சனிக்கிழமை வந்து நின்றது.

"என்னட்டி இது? தாளைக் கிழிச்சா நாள் போயிருமா?" என்றாள் செல்லக்கனி.

"தினமும் எப்படிப் போகுது செல்லக்கா? காலையில நான்தான கிழிக்கேன்?"

ஆசீர்வாதம் நாள்காட்டிக்குப் பக்கத்தில் போய், எடை முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சனிதான். சந்தேகமே இல்லை. ஆனா வெள்ளியைத் தொலைச்சிராத, ஒரு ஓய்வு நாள் பாக்கி இருக்கு." செல்லக்கனி அந்தத் தாளை மடித்து மணிபர்சில் பத்திரப்படுத்தினாள்.

பிரிசில்லா பிள்ளையைத் தூக்கப் போனாள். "கையில எதையும் தூக்கக் கூடாது!" என்று ஆசீர்வாதமும் செல்லக்கனியும் ஒன்றாகக் கத்தினார்கள். அதுவும் நியாயம்தான். ஆன்சியைத் தங்கதுரையிடம் கொடுத்தாள். அவன் பிள்ளையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, ஓடுகிற மூவருக்கும் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தான். முந்திப் போனால் பயிற்சி எடுத்தவர்களுக்கு மரியாதையாக இருக்காதல்லவா?

அன்றைக்குப் பிரிசில்லாவுக்குப் பேச்சுப் பஞ்சமே இல்லை. ஆன்சி பிறந்த நாளிலிருந்து பயந்ததையெல்லாம், ஒருத்தரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினாள். தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதைச் சொன்னாள். பிள்ளை அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம் என்றாள். உப்பளத்து விலக்கு போனது. ஒன்பதாவது கிலோமீட்டரும் போனது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோதுகூட அவளிடம் இன்னும் பத்து கிலோமீட்டருக்குப் பயம் மிச்சமிருந்தது.

"அம்மா, ஓடு! ஓடு!" என்று ஸ்கூட்டரில் நின்றபடி ஆன்சி கைதட்டினாள்.

நர்ஸ் பிள்ளையை மடியில் வைத்து, ஒரு சின்ன இடுக்கியால் கடலையை எடுத்துப் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆன்சி அந்தக் கடலையைத் திரும்பக் கேட்டு அழுதாள். பிரிசில்லா அவளை வாரி அணைத்து, கூடவே அழுதாள்.

"ஏம்மா," என்றார் நர்ஸ், "ஸ்கூட்டர்தான் இருக்கே, நீங்க எதுக்கு இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வாறீங்க?"

"பயிற்சி எடுத்தது நான்தான சிஸ்டர்," என்றாள் பிரிசில்லா. "அவங்க எடுக்கலை."

அப்போதுதான் ஆசீர்வாதம் சுவரைப் பார்த்து, "யய்யா!" என்றார். அங்கே தொங்கிய நாள்காட்டியில் வெள்ளிக்கிழமை இருந்தது.

"சிஸ்டர், இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

செல்லக்கனி மணிபர்சைத் திறந்து, கிழித்த வெள்ளிக்கிழமை உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நாம கிளம்பினது சனிக்கிழமை," என்றார் ஆசீர்வாதம் மெல்ல.

"நானே கண்ணால பார்த்தேன்," என்றான் தங்கதுரை.

"வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. அப்படின்னா... ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம்! இந்த வேகத்துல எபனேசர் சாரே ஓடியிருக்க மாட்டாரு!"

செல்லக்கனி பெருமை தாங்காமல் பெஞ்சில் சாய்ந்தாள். பிரிசில்லா மட்டும் பிள்ளையின் முதுகைத் தடவியபடி வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்குக் கிளம்பி இன்னிக்கே இங்க வந்திருவோம்லா?"

"கண்டிப்பா."

"அப்ப கொஞ்சம் இருங்க. நாம வாறோமான்னு பார்த்துட்டுப் போயிருவோம்."

எல்லாரும் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்தார்கள். நர்ஸ் இரண்டு தடவை வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "எங்களுக்காகத்தான் சிஸ்டர்," என்றார்கள். வெயில் தாழ்ந்தது. யாரும் வரவில்லை.

பிரிசில்லாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. "நாம வரலை அண்ணாச்சி. அப்ப நாளைக்கு எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

எல்லாரும் எழுந்தார்கள். தங்கதுரை ஸ்கூட்டர் சாவியைக்கூட எடுத்துவிட்டான்.

"அவசரப்படாதீங்க," என்றாள் செல்லக்கனி. "மெதுவா, பேசிக்கிட்டேதான ஓடச் சொல்லியிருக்காரு? வந்துக்கிட்டிருப்போம்."

அதுவும் சரிதான் என்று எல்லாரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.