ஆமையின் முதுகில் இருப்பது வீடு அல்ல

ஆமை தன் வீட்டை முதுகில் சுமந்து திரிகிறது என்று பலரும் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. உலகில் உலவும் பிழைகளுள் இதைவிடக் கொடியது இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆமையின் முதுகில் இருப்பது கூரை மட்டுமே. கூரைக்குக் கீழே பழகிய தண்ணீரும் பழகிய சேறும் இருந்தால்தான் அது வீடு. இது எப்படித் தெரியவந்தது என்று கேட்பவர்கள் சற்று நெருங்கி உட்காருங்கள்.

கல்வெட்டில் பெயர் தேய்ந்துபோன ஓர் அரசன் முன்பு இரண்டு ஏரிகள் வெட்டினான். மேலே இருந்ததற்கு மேலேரி என்றும் கீழே இருந்ததற்குக் கீழேரி என்றும் பெயர் வைத்தான். அவ்வளவுதான் அவன் கற்பனை. மேலேரி செம்மண் பூமி. கீழேரி கரிசல் பூமி. மேலேரி நிறைந்து வழிந்தால், அந்தத் தண்ணீர் ஓடையாக இறங்கிக் கீழேரிக்குப் போகும். நடுவே மூன்று காதம். கொக்குக்கு அது ஒரு காலைப்பொழுது. ஆமைக்கு நாற்பது நாள்.

மேலேரியில் சேறாயி என்றோர் ஆமை இருந்தாள். ஏரி வற்றினால் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது அவள் குலத்து வழக்கம். சேற்றைத் தோண்டி உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு, மழை வந்து முதுகில் தட்டும்வரை காத்திருக்க வேண்டும். சேறாயி அப்படிப் பதினேழு கோடைகள் படுத்து எழுந்தவள்.

பதினெட்டாவது கோடையில் தவளைகள் போயின. பிறகு மீன்கள் செத்தன. பிறகு, நாள் தவறாமல் சேறாயி முதுகில் ஏறி நின்று மீன் பிடித்த கொக்கு வெள்ளையம்மாள் சிறகை உதறினாள்.

"நீயும் கிளம்பேன் அக்கா."

"மழை வந்து தேடுமே. நான் இல்லேன்னா அது யாரை எழுப்பும்?"

வெள்ளையம்மாள் பறந்துவிட்டாள். சேறாயி சேற்றுக்குள் போனாள்.

முதல் ஆண்டு மழை இல்லை. சேறு மண்ணாயிற்று. இரண்டாம் ஆண்டும் இல்லை. மண் கல்லாயிற்று. மூன்றாம் ஆண்டு கல் வெடித்தது. வெடிப்பின் வழியே வெயில் கண்ணில் குத்தியபோது சேறாயி குலவழக்கத்தை முறித்துக்கொண்டு மேலே வந்தாள். ஏரி இருந்த இடத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு வறண்ட ஓடையில் இறங்கி நடந்தாள். உச்சிப்பொழுதுகளில் ஒதுங்கினாள்: ஒருநாள் கள்ளி நிழல், ஒருநாள் பாறை நிழல், ஒருநாள் செத்த மாட்டின் விலா எலும்பு நிழல்.

கீழேரியில் தண்ணீர் இருந்தது. கரையில் காவலும் இருந்தது. காவலர் ஒரு நீர்நாய், பெயர் மீசைநாதர். அவர் பக்கத்தில் வெள்ளையம்மாள் நின்றாள். சேறாயியைப் பார்த்ததும் அவளுக்கு வானத்தில் ஏதோ வேலை வந்து மேலே பார்த்தாள்.

"எங்கே வந்தே?" என்றார் மீசைநாதர்.

"இருக்க இடம் வேணுங்க."

"வீட்டை முதுகிலேயே கட்டிக்கிட்டு வந்திருக்கே. உனக்கு எதுக்கு இடம்?"

கரையில் இருந்த கொக்குகள் சிரித்தன.

"இது வெறும் கூரைங்க. வீடு வத்திப்போச்சு."

மீசைநாதர் மீசையைத் தடவிக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். புதிதாக வருகிறவர் மூன்று முறை மூழ்கலாம். தனக்குச் சொந்தமான ஒன்றை ஏரிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினால் இடம் உண்டு. இல்லாவிட்டால் வந்த வழி இருக்கிறது. இது மேலேரிக் கொக்குகள் வந்து சேர்ந்த பிறகு போட்ட சட்டம். போடச் சொன்னதும் கொக்குகள்தான்.

திரும்பி நடக்கச் சேறாயியிடம் உயிர் மிச்சம் இல்லை. மூழ்கினாள். ஒரு தாமரைத் தண்டோடு வந்தாள்.

"அது எங்க தாமரை."

மீண்டும் மூழ்கினாள். ஒரு நத்தை ஓட்டோடு வந்தாள்.

"அது எங்க நத்தை."

மூன்றாம் முறை அவள் எதையும் தேடவில்லை. கால் தளர்ந்து அடியில் போய் விழுந்தாள். பதினேழு கோடைப் பழக்கம் விடவில்லை. தலை தானாகச் சேற்றைத் தோண்டிற்று. மேலே கறுப்புச் சேறு. அதைத் தாண்டி வழவழவென்று வேறொன்று. அதன் மணம் மூக்கில் ஏறியது. சோதனையை மறந்தாள், காவலரை மறந்தாள். கழுத்தை முழுக்க நீட்டி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மழை வந்து தட்டட்டும் என்று கிடந்தாள்.

நெடுநேரம் கழித்து மேலே வந்தபோது அவளிடம் ஒன்றும் இல்லை.

"எங்கே, என்ன கொண்டாந்தே?"

சேறாயி தலையை நிமிர்த்தினாள். அவள் முகம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

வெள்ளையம்மாள் வானத்தை விட்டுக் கண்ணை இறக்கி அந்த முகத்தைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். அந்தச் சிவப்பில் வளர்ந்த கால் அது.

"அது மேலேரி மண்ணு," என்றாள் மெதுவாக. "அது அக்காவோடதுதான்."

மீசைநாதர் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை கரிசல்.

"எவ்வளவு ஆழத்துக்கு இருக்கு?"

"கழுத்து எட்டினவரைக்கும் இருக்குங்க. அதுக்குக் கீழே தெரியலை."

"அப்படின்னா எங்க தண்ணியும்..."

"அங்கேயிருந்து வந்ததுதாங்க."

"இப்போ அங்கே எவ்வளவு இருக்கு?"

"இல்லைங்க. அதனாலதானே வந்தேன்."

மீசைநாதர் ஓடை வந்து சேரும் வாயைத் திரும்பிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக அங்கே புல்கூட நனையவில்லை. வழியை விட்டு விலகி நின்றார்.

சேறாயி கீழேரியில் தங்கினாள். வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது. ஆனாலும் தினமும் அடியில் போய்ச் செஞ்சேற்றில் படுத்துக்கொண்டாள், மூக்கை ஓடை வரும் பக்கமாக வைத்து.

இக்கதையின் நீதி: தண்ணீர் தேடி வந்தவரை வழிமறிக்கும் எவரும், அவரைத் துரத்திய வறட்சி தம்மிடமும் வரும் என்பதை மறக்கக் கூடாது.

கீழேரியும் வற்றத் தொடங்கிய மறு கோடையில் மீசைநாதர் சேறாயியைத் தனியே அழைத்து, அந்த நாற்பது நாளும் உச்சிப்பொழுதில் எங்கெங்கே ஒதுங்கினாள் என்று விசாரித்தார்.